ஒன்பது அடிப் பலகைக்கு நன்றி: உல்லை நானாவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நானாவுக்கு,

கண்டியை அடுத்த ஹந்தானையிலிருந்து எழுதுகிறேன்.

அறுகம்பேக் கரையோரத்து உல்லையில் தென்னோலைக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு, உடைந்த சேர்ஃப் போர்ட்டுகளை (அலையேறும் பலகைகளை) திருத்தித் திரும்பவும் கடலுக்கு அனுப்பும் உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் வாயெடுத்தால் "அதெல்லாம் என்னத்துக்கு தம்பி, தேத்தண்ணியக் குடிங்க" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் வாசிக்கும்படி எழுதுகிறேன். உங்களைப் போலவே பேர் வெளியில் வராமல் பலகை செய்தவர்களும் திருத்தியவர்களும் உலகமெங்கும் இருக்கிறார்கள். இந்த நன்றியில் அவர்களுக்கும் பங்குண்டு.

கண்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வரும் இடம். மஹியங்கனை, பிபிலை, மொனராகலை, சியம்பலாண்டுவை என்று வெயிலில் காய்ந்து உல்லையை அடுத்த பொத்துவிலுக்கு வந்து சேரும் மலைநாட்டான் ஒருவனுக்கு நீச்சல் தெரிந்திருந்தாலே பெரிய விஷயம். அப்படி வந்த என்னிடம் கடைகளில் வரிசையாக நின்ற வெள்ளைக் குட்டைப் பலகைகளைக் காட்டாமல், கூரையோரம் சாய்த்து வைத்திருந்த பழைய ஒன்பது அடி லோங் போர்ட்டை எடுத்துத் தந்தீர்கள். வெயில் குடித்து மஞ்சளாகிப் போன பலகை. மூக்கில் ஒட்டு, விளிம்பில் ஒட்டு, அடியில் மீன்துடுப்புப் போல ஒற்றை ஃபின். "இது வயசாளி. இதுதான் தூக்கும்" என்றீர்கள். தூக்கியது. அன்றைக்கு என்னைக் கடல்மேல் நிற்க வைத்த அந்த அமைப்பு எப்படி வந்தது, ஏன் இன்னும் சாகாமல் இருக்கிறது என்று தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதலில் மரத்திலிருந்து தொடங்குகிறேன். என் அப்பா தோட்டத்தில் தச்சு பாஸாக இருந்தவர். ஒரு மரத்தைப் பார்த்ததும் அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று சொல்லிவிடுவார். ஈரப்பலாவைக் கதவுக்கு வைக்கமாட்டார். அல்பீசியாவைப் பெட்டி அடிக்கத்தான் கொடுப்பார். முள்முருக்கு என்றால் கலியாண வீட்டில் கன்னிக்கால் நட, இல்லாவிட்டால் வேலிக்கு, அவ்வளவுதான். ஹவாய் தீவுகளின் பழைய பலகைகளைப் பற்றி வாசித்தபோது எனக்கு அப்பாவின் பட்டறைதான் கண்முன் வந்தது. ஏனென்றால் அங்கே பலகை செய்த மரங்களில் ஒன்று ஈரப்பலா. கண்டியில் வீட்டுக்கு வீடு கொல்லையில் நிற்கிறதே, அதே ஈரப்பலா. கோவா என்ற அவர்களது உறுதியான மரமும் உண்டு. அரச குடும்பத்தார் ஏறிய மிக நீளமான பலகைகளுக்கு விலிவிலி என்ற லேசான மரத்தைத் தேடிப் போனார்கள். அந்த விலிவிலி நம் முள்முருக்கின் கிட்டிய சொந்தம், ஒரே பேரினம். வேலிக்கு மட்டுந்தான் என்று நாம் ஒதுக்கிய மரத்தின் உறவு, பசிபிக் கடலில் அரசனைச் சுமந்திருக்கிறது.

கப்டன் குக்கின் கப்பல்கள் ஹவாயில் நங்கூரமிட்டிருந்த 1779இல், ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி கீலகேகுவா குடாவில் ஆட்கள் பலகையில் அலையேறி விளையாடுவதைக் கண்டு வியந்து எழுதி வைத்தார். அப்போதே அங்கே பலகைகள் ஒரே மாதிரி இருக்கவில்லை. நெஞ்சளவு நீளமும் மெல்லிய உடம்பும் கொண்ட பைப்போ, ஆளுயரத்துக்கு மேற்பட்ட அலாயா, தலைவர்களுக்கான நீண்ட, தடித்த ஓலோ என்று அலைக்கும் ஆளுக்கும் ஏற்றபடி வகைகள். எதிலும் ஃபின் கிடையாது. திருப்ப வேண்டுமென்றால் உடம்பைச் சாய்க்க வேண்டும், காலை நீரில் இழுக்க வேண்டும். நீங்கள் பலகை கொடுக்குமுன் ஆளை மேலும் கீழும் பார்த்து "எத்தனை கிலோ?" என்று கேட்பீர்களே, அந்தக் கேள்வி அவ்வளவு பழையது.

1820 முதல் மிஷனரிமார் வந்தார்கள். அதற்கு முன்பே வந்த கொள்ளை நோய்கள் தொடர்ந்தன. ஹவாய் மக்கள்தொகை சரிந்தது, பழைய வாழ்க்கை முறை குலைந்தது. அந்த நூற்றாண்டின் முடிவில் அலையேறுபவர்கள் சிலரே. அபனர் பாக்கி என்ற தலைவரின் பலகைகள், அவருடைய மகள் பெர்னீஸ் பவாஹி பிஷப்பின் நினைவாக 1889இல் ஹொனலூலுவில் தொடங்கிய பிஷப் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒன்று ஏறத்தாழ 16 அடி நீளம், 70 கிலோவை ஒட்டிய எடை. தூக்க இரண்டு பேர் வேண்டும்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை நெடுங்காலம் மூடிக் கிடந்தது. 2001இல் அது தேயிலை அருங்காட்சியகமானது. அங்கே நிற்கும் பழைய ரோலர்களை வெளிநாட்டார் படமெடுத்துக்கொண்டு போவார்கள். அந்த ரோலரின் அமைப்பு செத்துப்போனதல்ல. மலைநாட்டில் இன்றைக்கும் ஓதடொக்ஸ் தேயிலை உருட்டும் தொழிற்சாலைகளுக்குள் போய்ப் பாருங்கள், ஏறத்தாழ அதே வட்ட மேசை, அதே சுழற்சிதான். காட்சிக்கு வைத்திருப்பதாலேயே ஒரு பொருளின் காலம் முடிந்துவிட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். டொம் பிளேக் என்ற அலையேறி அப்படி முடிவு கட்டவில்லை. 1920களில் அமெரிக்காவிலிருந்து ஹவாய்க்கு வந்த அவர், பிஷப் அருங்காட்சியகத்தில் இருந்த பாக்கியின் பலகைகளைச் சீர்செய்து கொடுத்தார். அந்த நீண்ட வடிவத்தின் பிரதியைத் தானும் செய்தார். எடை தாங்கவில்லை. ஆகவே மரத்தில் நிறையத் துளைகள் போட்டு, மேலும் கீழும் மெல்லிய பலகையால் மூடினார். பிறகு முழுக்க உள்ளீடற்ற பலகையாகவே கட்டி, 1930களின் தொடக்கத்தில் காப்புரிமையும் பெற்றார். 1935இல் கைவிடப்பட்ட ஒரு வேகப்படகின் சிறிய அடிப்பட்டையைக் கழற்றித் தன் பலகையின் வாலடியில் பொருத்தினார். உலகத்தில் பலகைக்கு ஃபின் வந்தது அப்படித்தான். பழைய ஒன்றைத் திருத்தக் கையில் எடுத்தவர்தான் புதியதைக் கண்டார். திருத்துகிற வேலையைச் சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அதன்பிறகு நடந்ததை ஓட்டமாகச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் பொப் சிமன்ஸ் என்பவர், சைக்கிள் விபத்தில் கை ஊனமானவர். பாரமான ரெட்வுட் மரப் பலகையைத் தூக்க முடியாமல், படகுகளின் அடிப்பாகம் நீரில் எப்படி வழுக்குகிறது என்ற கணக்கைப் படித்துப் பலகைக்குக் கொண்டுவந்தார். பல்சா மரம், ஃபைபர் துணி, ரெஸின், நுரை எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார். 1954இல் அலையேறும்போதே இறந்துபோனார். 1947இல் ஜோ குவிக் என்பவர் டெரிலின் சானக் என்ற இளம் பெண்ணுக்காக லேசான பல்சாப் பலகை ஒன்று செய்தார். பெண்பிள்ளைக்குத் தூக்க இலகுவாக இருக்கட்டும் என்று செய்த அது, ஆண்களின் பலகைகளைவிட நன்றாகத் திரும்பியது. ஆண்கள் இரவல் கேட்டார்கள், பிறகு அதேபோல் தங்களுக்கும் செய்யச் சொன்னார்கள். மலிபு என்று உலகம் அழைக்கும் வகை அதிலிருந்து வளர்ந்தது. நீங்கள் எனக்குத் தந்த மஞ்சள் பலகை அந்த வழியில் வந்த பிள்ளைதான். அலையில் பெண்களுக்கு என்ன வேலை என்று இன்னமும் கேட்பவர்களுக்கு, இன்றைய லோங் போர்ட்டின் மூலமே ஒரு பெண்ணுக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லுங்கள். அறுகம்பே பெண்கள் சேர்ஃப் கழகம் 2018இல் தொடங்கியபோது அந்தப் பிள்ளைகளும் தாய்மாரும் கேட்ட பேச்சு கொஞ்சமல்ல. இலங்கையின் முதல் பெண்கள் சேர்ஃப் கழகம் அது. அவர்களுக்கும் இந்த மடலில் என் வணக்கம்.

1958இல் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் பொலியூரித்தேன் நுரையை அச்சில் வார்க்கும் முறையைச் சரிப்படுத்தினார்கள். மரம் தேட வேண்டிய தேவை போயிற்று. நடுவில் ஒரு மெல்லிய மரக்கீற்று மட்டும் முதுகெலும்பாக மிஞ்சியது. உங்கள் மஞ்சள் பலகையிலும் அந்தக் கீற்று தெரிகிறது. 1966இல் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியை அவுஸ்திரேலியாவின் நாட் யங் வென்றது 9 அடி 4 அங்குலப் பலகையில். அடுத்த இரண்டு மூன்று வருடங்களுக்குள் பலகைகள் இரண்டு, மூன்று அடி குறைந்துவிட்டன. பொப் மெக்டாவிஷ், ஜோர்ஜ் கிரீனோ போன்ற அலையேறிகள் அலையின் முகத்தில் செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும் என்றார்கள். அதற்குக் குட்டைப் பலகைதான் சரி. பழைய நீண்ட பலகைகள் வீட்டுக் கொட்டில்களுக்குப் போயின, சிலவற்றை அறுத்துக் குட்டையாக்கினார்கள்.

குட்டைப் பலகையில் மூன்று ஃபின் வைத்த சைமன் ஆண்டர்சனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், நானா. சிட்னியின் நரபீன் கடற்கரைக்காரர், உடம்பு பெரிய மனிதர். 1970களின் கடைசியில் மார்க் ரிச்சர்ட்ஸ் என்ற அலையேறி இரட்டை ஃபின் பலகையில் வெற்றிமேல் வெற்றி பெற்றுக்கொண்டிருந்தார். ஆனால் அந்த இரட்டை ஃபின், ஆண்டர்சனின் எடைக்கும் பெரிய அலைகளுக்கும் பிடி கொடுக்காமல் வழுக்கியது. 1980 ஒக்டோபரில், நண்பர் ஒருவரின் இரட்டை ஃபின் பலகையில் பின்னால் சிறிய மூன்றாவது முனை ஒன்று இருப்பதைக் கண்டார். மூன்றையும் ஏறத்தாழ ஒரே அளவாக வைத்தால் என்ன என்று செய்து பார்த்தார். 1981இல் பெல்ஸ் கடற்கரைப் போட்டியில் இராட்சத அலைகளில் வென்றார். அதே வருடம் சிட்னியிலும் ஹவாயின் பைப்லைனிலும் வென்றார். இன்று உல்லையின் பெரிய பொயின்ட் என்ற அலையிடத்தில் எங்கள் பொடியன்கள் ஏறும் பலகைகளில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது அவருடைய மூன்று ஃபின்தான். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவே இல்லை. வாங்கியிருந்தால் பல வருடம் அந்த வகைப் பலகைகளின் விலை ஏறியிருக்கலாம். ஒருவர் தன் கையிலிருந்து வந்ததை உலகத்துக்கு விட்டுக் கொடுத்தார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவருக்கும் நன்றி.

இவ்வளவு மாறிய பிறகும் பழையவை எப்படித் தப்பின? பழைய நினைவின் ஆசை மட்டும் காரணமாக இருந்தால், பலகைகள் ஹோட்டல் சுவரில் தொங்கும், கடலுக்குப் போகா. என் பார்வையில் காரணம் அலைதான். குட்டைப் பலகை நீரில் வழுக்கத் தொடங்க அலை நிமிர்ந்து நிற்க வேண்டும், கைக்கு வலு வேண்டும். அகலமும் நீளமும் உள்ள பலகை, அலை சும்மா முதுகை உயர்த்தும்போதே வேகம் பிடித்துவிடும். கச்சான் காற்றுக் காலத்தில் எல்லா நாளும் பெரிய அலை வருவதில்லை. சின்ன நாளில் குட்டைப் பலகைக்காரர்கள் கரையில் இருந்து பார்க்க, உங்கள் வயசாளி பேபி பொயின்ட்டில் என்னைப் போன்றவனையும் கரைவரை கொண்டுவந்து இறக்கிவிடும். கடல் மாறாதபோது அதற்குப் பொருந்திய வடிவமும் மாறத் தேவையில்லை. ஒலிம்பிக் போட்டியில் இதுவரை லோங் போர்ட்டுக்கு இடமில்லை, டோக்கியோவிலும் பிறகு தஹிதியிலும் ஏறியது குட்டைப் பலகைகள்தாம். அதனால் அது இரண்டாந்தரம் ஆகிவிடாது.

ஃபிஷ் என்று ஒரு வகை இருக்கிறதே, வால் இரண்டாகப் பிளந்த தடித்த சின்னப் பலகை. அதை ஸ்டீவ் லிஸ் 1967இல் சான் டியாகோவில் முழங்காலிட்டு ஏறுவதற்காகச் செய்தார். பல வருடம் அந்த ஊரோடு நின்றது. இப்போது உலகின் பல வாடகைக் கடைகளில் அதன் பேரன் ஒன்று நிற்கிறது. அலாயாவின் கதை இன்னும் நல்லது. 2000களில் டொம் வெக்னர் என்ற பலகை செய்பவர் பிஷப் அருங்காட்சியகத்தில் பழைய அலாயாக்களைப் பார்த்துவிட்டு, போலோனியா மரத்தில் அதேபோல் மெல்லியதாகச் செய்து கடலில் இறக்கினார். ஃபின் இல்லை, நுரை இல்லை, ரெஸின் இல்லை, எண்ணெய் பூசிய மரம் மட்டும். நெடுங்காலம் அநேகமாக மறந்துபோயிருந்த வடிவம் வேகத்தில் இளைஞர்களைத் திகைக்க வைத்தது. ஹவாயில் காடாகப் பரவிவிட்ட அல்பீசியாவை வெட்டி இப்போது பலகை செய்கிறார்கள் என்றும் வாசித்தேன். எங்கள் தோட்டங்களில் தேயிலைக்கு மேல் நிழலுக்காக நிற்கும் அதே மரம்! அப்பா உயிரோடு இருந்தால் பெட்டி மரத்தைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டிருப்பார்.

நம் கரைகளுக்கும் இதில் உறவில்லாமல் இல்லை. மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டி, அலை உடையும் இடத்தைக் கடந்து, திரும்பும்போது அலையின் முதுகிலேயே கரைக்கு வந்தவர்கள் சோழமண்டலக் கரையின் கட்டுமரக்காரர்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காய வைப்பார்கள். நீர் குடித்த மரம் பாரமாகும் என்று அவர்களுக்குத் தெரியும். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் போன்ற மீனவர்கள் பலகையில் ஏறி, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அலை எங்கே உடையும் என்று அவர்கள் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். ஒரு பலகை வந்ததும் நீங்கள் முதலில் பார்ப்பது உடைந்த இடத்தை அல்ல. விரல் மடக்கி மூக்கிலிருந்து வால்வரை தட்டிக்கொண்டே போவீர்கள். ஓரிடத்தில் சத்தம் மாறும். அங்கே மேலே இருக்கும் ஃபைபர் நுரையை விட்டுக் கழன்றிருக்கும். வெடிப்பைக் கீழாகச் சாய்த்து வெயிலில் வைப்பீர்கள். சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் இறங்கும். அவசரப்படும் வெள்ளைக்காரரிடம் "நாளைக்கும் காயட்டும்" என்பீர்கள். பிறகு "உள்ளுக்கு என்ன?" என்ற கேள்வி. உள்ளே மணிமணியான வெள்ளை நுரை என்றால் எபொக்சி ரெஸின்தான் போட வேண்டும், பொலியஸ்டர் போட்டால் நுரை கரைந்து குழியாகிவிடும். பழைய மஞ்சள் நுரை என்றால் பொலியஸ்டர் தாங்கும். கழன்றதை வெட்டி எடுத்து, குழியை நிரப்பி, ஃபைபர் துணியை வெடிப்பைவிடப் பெரிதாக வெட்டிப் போர்த்தி, ரெஸின் ஊற்றி, இறுகியதும் சாண்ட் பேப்பரால் தேய்ப்பீர்கள். பொலியஸ்டர் என்றால் உச்சி வெயிலில் ஹார்ட்னர் துளியைக் குறைப்பீர்கள், மழை இருட்டினால் கூட்டுவீர்கள். அந்த அளவு எந்தப் போத்தலிலும் எழுதியில்லை. தேய்த்து முடித்தபின் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பீர்கள். கைக்கு ஒட்டு தட்டினால் மறுபடி தேய்ப்பு.

2004 மார்கழியில் கடல் சுனாமியாக வந்து உங்கள் கரையை அழித்தது. அதற்குப் பின் வந்த வருடங்களில் பிள்ளைகளுக்குப் புதுப் பலகை வாங்க யாரிடம் காசிருந்தது? வெளிநாட்டார் உடைத்துப் போட்டுவிட்டுப் போனவற்றைத்தான் நீங்கள் ஒட்டித் தந்தீர்கள். பொத்துவில், உல்லை, பாணமைப் பொடியன்கள், தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பாராமல் அந்த ஒட்டுப் பலகைகளில்தான் எழுந்து நின்றார்கள். காசு வாங்காமல் கொடுத்தவற்றை நீங்கள் சொல்லமாட்டீர்கள், கொட்டிலுக்கு வரும் ஒவ்வொரு பொடியனும் சொல்கிறான். அதற்காகத்தான் முதல் நன்றி. என்னை நிற்க வைத்ததற்கு அடுத்தது.

இதை வாசிக்கும் மற்றவர்களிடம் ஒரு கேள்வி. கொழும்பிலோ கண்டியிலோ உங்கள் வீட்டுக் கராஜில் ஒடிந்த லோங் போர்ட் ஒன்று தூசு பிடித்துக் கிடக்கிறதா? குப்பைக்குப் போடாதீர்கள். நுரையும் ஃபைபரும் மண்ணில் மக்கா. சித்திரைக்குப் பிறகு கிழக்கில் சீசன் தொடங்குமுன் உல்லைக்கு அனுப்பிவையுங்கள். ஒரு பிள்ளைக்கு அது முதல் பலகையாகும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், நானா. எந்த வெயிலுக்கு எத்தனை துளி, எந்த நுரைக்கு எந்த ரெஸின், எவ்வளவு காய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையில் மட்டுமே இருக்கிறது. ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத நேரமில்லை என்றால் வைகாசியில் நான் வருகிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு பொடியனையும் பெண்கள் கழகத்துப் பிள்ளை ஒருத்தியையும் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள்.

இப்படிக்கு,

ஹந்தானைத் தம்பி